படகு எவ்வளவு பிந்தும்?

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோவிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு உண்டு. பொலநறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) ஆணை அது. வரலாற்றாசிரியர் கா. இந்திரபாலா அதைப் படித்து 1963இல் பதிப்பித்தார். ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, பிறநாட்டு வணிகர்கள் வந்து தங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஆணை நேரே கப்பல் உடைவதைப் பற்றிப் பேசத் தொடங்குகிறது. யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் உடைந்தால் காற்பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவருக்கு. மற்றச் சரக்குகளோடு வரும் மரக்கலம் உடைந்தால் பாதிக்குப் பாதி.

எஞ்சியிருக்கும் வரிகளில் மரக்கலம் எந்த மரத்தால் ஆனது, எத்தனை பாய் கட்டியது என்ற பேச்சே இல்லை. எதைச் சுமந்து வருகிறது, தவறினால் யாருக்கு எவ்வளவு என்ற இரண்டும் மட்டும் தெளிவாக இருக்கின்றன. செய்தியைச் சுமக்கும் மென்பொருள் எழுதுகிறவர்கள் இந்தக் கல்லின் முன் சற்று நேரம் நிற்கலாம். ஒரு வலையமைப்பு தன் செய்திகளைச் சுமப்பவற்றோடு செய்துகொள்ளும் ஒப்பந்தமும் இந்த வரிசையில்தான் எழுதப்படவேண்டும் என்பது இந்த அத்தியாயத்தின் வாதம். சுமப்பானின் திறமையைக் கேட்பதற்கு முன்னால் அதன் குறையைக் கேட்கவேண்டும்.

நயினாதீவுக்குச் செய்தி எப்படிப் போகிறது என்று பார்ப்போம். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியாக வரும் தெரு குறிகட்டுவான் இறங்குதுறையில் முடிகிறது. அங்கிருந்து படகு. கடல் அமைதியாக இருந்தால் இருபது நிமிடம் போதும். நெடுந்தீவுப் படகும் அதே துறையிலிருந்துதான் புறப்படுகிறது; அதற்கு ஒரு மணி நேரம் வேண்டும். வாடைக்காற்று பலக்கும் நாட்களில் இரண்டுமே நின்றுபோகலாம். கைத்தொலைபேசி அலை தீவுக்கு எட்டுகிறது. ஆனால் ஆனி மாத உற்சவத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒரு சிறு தீவில் கூடும்போது, ஒரு சில டவர்களை எல்லாரும் ஒரே நேரத்தில் பங்குபோட வேண்டியிருக்கிறது. மின்சாரமும் தேசிய மின்வலையிலிருந்து வருவதில்லை. நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு மூன்றும் டீசல் இயந்திரங்களை நம்பியிருந்த தீவுகள் என்பதால்தான் சூரியஒளியும் காற்றும் டீசலும் கலந்த மின்திட்டத்துக்கு இந்தியாவும் இலங்கையும் 2022 மார்ச்சில் உடன்படிக்கை செய்தன.

இப்போது நயினாதீவில் ஒரே ஒழுங்கையில் இருக்கும் இரண்டு வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டிலிருந்து மற்ற வீட்டுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு வரி, தீவை விட்டு வெளியேறி, கடலடிக் கம்பியில் ஏறி, வேறொரு நாட்டின் சேர்வர்க் கட்டடத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருகிறது. இடையில் எந்தக் கண்ணி அறுந்தாலும் பக்கத்து வீடு எட்டாத தூரமாகிவிடும். கண்ணியைக் காற்றும் அறுக்கலாம், ஆணையும் அறுக்கலாம். கண்டி வன்முறையை ஒட்டி 2018 மார்ச்சிலும், ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு 2019 ஏப்ரலிலும், மக்கள் போராட்டம் சூடுபிடித்த 2022 ஏப்ரல் 3ஆம் தேதியும் இலங்கையில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன.

நடுவில் சேர்வர் இல்லாமல் கருவிகள் தமக்குள் நேரே செய்தி பரிமாறும் பியர்-டு-பியர் வலையமைப்பு இதற்கு ஒரு மாற்று. ஒழுங்கையின் இரு வீடுகளும் புளூடூத் வழியாகவோ வைஃபை வழியாகவோ பேசிக்கொள்ளலாம். தீவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே இணையம் இருக்கும்போது இணையம், இல்லாதபோது படகில் போகும் ஒருவருடைய சட்டைப்பையில் ஒரு பென்ட்ரைவ். செய்தி ஒன்றுதான், சுமப்பவைதான் பல. ஒவ்வொரு சுமப்பானுக்கும் ஒரு சிறு மென்பொருள் துண்டை எழுதி, வலையமைப்பின் உள்நிரலோடு செருகி வைப்பது வழக்கம். அதற்குத்தான் செருகுநிரல் என்று பெயர். உள்நிரலும் செருகுநிரலும் எந்த மொழியில், எந்தச் சொற்களில் பேசிக்கொள்ளும் என்ற ஒப்பந்தம் இடைமுகம்.

கேட்பதற்கு எளிது. ஆனால் இந்த ஒப்பந்தத்தின் முதல் வரியிலேயே பெரும்பாலான வடிவமைப்பாளர்கள் படகைக் கரையில் விட்டுவிடுகிறார்கள்.

இணையத்தில் பழகிய எவரும் இடைமுகத்தின் முதல் கட்டளையாக ‘இணை’ என்று எழுதுவார்கள். மறுமுனையோடு இணை, பிறகு அனுப்பு, பிறகு பெறு, பிறகு துண்டி. இயல்பாகத் தோன்றும் இந்த ‘இணை’யில் ஒரு பெரிய அனுமானம் ஒளிந்திருக்கிறது. மறுமுனை இதே கணத்தில் விழித்திருக்கிறது, கேட்கிறது, உடனே பதிலும் சொல்லும் என்பதே அந்த அனுமானம். டிசிபி நெறிமுறையில் இணைப்பு உருவாக ஒரு தடவை போய்வர வேண்டும். அதன்மேல் மறைகுறியாக்கம் அமைக்க, இன்றைய டிஎல்எஸ் 1.3இல், இன்னொரு தடவை. பிறகு கேள்வியும் பதிலும் மூன்றாவது தடவை. ஒளியிழையில் இது கண் இமைக்கும் நேரம். இதே மூன்று சுற்றையும் பென்ட்ரைவில் வைத்துக் குறிகட்டுவானுக்கும் நயினாதீவுக்கும் இடையே நடத்தினால் ஆறு தடவை கடல் கடக்கவேண்டும். கடைசிப் படகு தவறினால் பதில் மறுநாள்தான். அத்தனைக்கும் பிறகு வந்து சேர்வது ‘நலமா’ என்ற கேள்விக்கான விடையாக இருக்கும்.

நெடுந்தீவில் பவளக்கற்களால் கட்டிய ஒரு புறாக்கூடு இன்றும் நிற்கிறது. அந்நியர் ஆட்சிக் காலத்தில் செய்தி கொண்டுபோகும் புறாக்களை அங்கே வளர்த்ததாக ஊரில் சொல்வார்கள். இடைமுகம் எழுதுகிறவர் கவனிக்கவேண்டிய சுமப்பான் புறா. வளர்ந்த கூட்டுக்குத் திரும்புவது மட்டுமே அதற்குத் தெரியும். நெடுந்தீவுப் புறாவை யாழ்ப்பாணத்தில் பறக்கவிட்டால் நெடுந்தீவுக்கு வரும். பதிலைக் கொண்டு திரும்பப் போகாது. பதில் அனுப்ப யாழ்ப்பாணத்தில் வளர்ந்த புறாவை முன்கூட்டியே படகில் கொண்டுவந்து வைத்திருக்கவேண்டும். ஒருவழிச் சுமப்பான் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

1990 ஏப்ரல் 1ஆம் தேதி டேவிட் வெயிட்ஸ்மன் என்ற பொறியாளர், இணையப் பொதிகளைப் புறாவின் காலில் கட்டி அனுப்புவதற்கான நெறிமுறை ஒன்றை ஆர்எஃப்சி 1149 என்ற எண்ணில், விளையாட்டாக, எழுதினார். நோர்வேயின் பெர்கன் நகரத்து லினக்ஸ் ஆர்வலர்கள் 2001 ஏப்ரல் 28 அன்று அதைச் செய்தே காட்டினார்கள். ஒன்பது பொதிகள் அனுப்பினார்கள். நான்கிற்குப் பதில் வந்தது. ஒவ்வொன்றும் போய்வர ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவிலிருந்து ஒன்றேமுக்கால் மணி நேரம் வரை பிடித்தது. ஏப்ரல் முட்டாள்கள் நாளில் பிறந்த யோசனை என்றாலும் அதிலிருந்து கிடைக்கும் பாடம் உறுதியானது. ‘இந்தப் பொதியை எடுத்துச் செல்; சேர்ந்தால் சேரட்டும்’ என்பதற்கு மேல் எதையும் எதிர்பார்க்காமல் வடிவமைத்த இணையப் பொதி நெறிமுறை, பறவையின் மேலேயும் ஓடியது. ஐந்து பொதி தொலைந்தும் அது குலைந்துபோகவில்லை.

ஆகவே ஒப்பந்தத்தின் அடிப்படைக் கட்டளை ‘இதை எடுத்துச் செல்’ என்பதாகவே இருக்கவேண்டும். உயிரோட்டமான இருவழி இணைப்பைத் தரக்கூடிய சுமப்பான்கள் அதைத் தம் கூடுதல் திறனாக அறிவிக்கட்டும். வேகமான சுமப்பானை அளவாக வைத்து எழுதிய இடைமுகத்தில் படகு ஒருபோதும் ஏற முடியாது. படகை அளவாக வைத்து எழுதியதில் ஒளியிழை சிரமமில்லாமல் ஏறும்.

இதை முன்பே உணர்ந்தவர்கள் இருக்கிறார்கள். பர்டூ பல்கலைக்கழகத்தில் ஃபெரைரா, குரோத்தொஃப், ரூத் என்ற மூவர் 2003இல் குனூநெட் என்ற பியர்-டு-பியர் வலையமைப்புக்காக ஒரு சுமப்பு இடைமுகத்தை விவரித்தார்கள். அதில் யூடிபி, டிசிபி என்ற இணைய நெறிமுறைகளோடு மின்னஞ்சலும் ஒரு சுமப்பான். வலையமைப்பின் பொதியை ஒரு மின்னஞ்சலாக மடித்து அனுப்பிவிடும். தபால் போல எப்போதாவது போய்ச் சேரும். மின்னஞ்சலும் ஏறக்கூடிய இடைமுகமாக எழுதியதாலேயே ‘இணை’ என்ற அனுமானத்தை அவர்களால் அடித்தளத்தில் வைக்க முடியவில்லை. அதே ஆண்டு கெவின் ஃபால், தாமதம் தாங்கும் வலையமைப்புகளுக்கான கட்டமைப்பை முன்வைத்தார். விண்வெளித் தொடர்புக்கும் தொலைதூரக் கிராமங்களுக்கும் ஒருசேரப் பொருந்தும் சிந்தனை அது. செவ்வாயிலிருந்து பூமிக்கு வானொலி அலை வந்துசேர, கோள்களின் நிலையைப் பொறுத்து, மூன்றிலிருந்து இருபத்திரண்டு நிமிடம் வரை ஆகிறது. குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் படகு எடுக்கும் நேரமும் இதற்குள் அடங்குகிறது. தாமதத்தை மட்டும் பார்த்தால், படகில் போகும் பென்ட்ரைவும் செவ்வாயிலிருக்கும் விண்கலமும் ஒரே வகுப்பு மாணவர்கள்.

தாமதம் பெரிதென்றால் கொள்ளளவும் சிறிது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 64 ஜிபி பென்ட்ரைவ் ஒன்று இருபது நிமிடத்தில் கடலைக் கடந்தால், வினாடிக்கு ஏறத்தாழ 43 கோடி பிட் கடந்ததாகும். தீவில் எவருடைய கைத்தொலைபேசிக்கும் அந்த வேகம் எளிதில் கிடைக்காது. உண்மையில் தாமதப்படுத்துவது கடலைவிடப் பென்ட்ரைவ்தான். வினாடிக்கு 20 எம்பி வேகத்தில் எழுதினால் அதை நிரப்ப 53 நிமிடம், மறுகரையில் அதே வேகத்தில் படித்தெடுக்க இன்னொரு 53 நிமிடம். அதையும் சேர்த்தால் வேகம் வினாடிக்கு 6.7 கோடி பிட்டாக இறங்குகிறது. அப்போதும் அது குறைந்த வேகம் என்று சொல்லிவிட முடியாது.

கர்நாடகத்தில் இதே முறை பேருந்தில் ஓடிய காலம் ஒன்று உண்டு. எம்ஐடி ஆய்வாளர்களின் டாக்நெட் திட்டத்தில், தொட்டபள்ளாபுரத்திலிருந்து கிராமங்களுக்குப் போகும் அரசுப் பேருந்தில் ஒரு வைஃபை பெட்டியைப் பொருத்தினார்கள். ‘பூமி’ என்ற நிலப்பதிவுத் திட்டத்தின் விண்ணப்பங்களைக் கிராமக் கணினிகளிலிருந்து அந்தப் பெட்டி பறித்துக்கொண்டு தாலுகா அலுவலகத்தில் இறக்கும். பேருந்து கடந்துபோகும் இரண்டரை நிமிடத்துக்குள் ஏறத்தாழ 20 எம்பி கைமாறியது என்று 2004இல் எழுதினார்கள். டிரைவருக்கோ கண்டக்டருக்கோ இதில் வேலை எதுவும் இல்லை. பேருந்து தன் பாட்டில் ஓடியது.

குறிகட்டுவான் படகுக்கு இதே ஏற்பாட்டைக் கற்பனை செய்வது கடினமில்லை. படகு துறையை அணுகும்போது அதிலுள்ள பெட்டியும் கரையிலுள்ள பெட்டியும் பேசிக்கொள்ளும். ஆனால் உள்நிரலுக்கு அந்தப் படகைப் பற்றி என்ன தெரிந்திருக்கவேண்டும்? இங்கேதான் இடைமுகக் கலையின் மிக நுட்பமான இடம் வருகிறது. அதற்குப் பிரையர் என்ற செயலியைக் கொஞ்சம் உள்ளே திறந்து பார்க்கவேண்டும்.

பிரையர் 2018இல் முதல் நிலையான பதிப்பாக வெளிவந்த, கட்டற்ற, ஆண்ட்ராய்டு செய்திச் செயலி. சேர்வர் கிடையாது. புளூடூத், வைஃபை, இணையத்தில் அடையாளத்தை மறைக்கும் டோர் வலையமைப்பு ஆகிய மூன்றும் அதில் மூன்று செருகுநிரல்கள். பென்ட்ரைவ், நினைவட்டை போன்றவற்றில் செய்தியை எடுத்துச் செல்லும் செருகுநிரல் பின்னர் சேர்ந்தது. அதன் இடைமுகத்தில் ஒருவழிச் செருகுநிரல், இருவழிச் செருகுநிரல் என்று இரண்டு வகை உண்டு. புறாவுக்கும் புளூடூத்துக்கும் தனித்தனி ஒப்பந்தம். எந்த வகையாக இருந்தாலும் ஒவ்வொரு செருகுநிரலும் கட்டாயமாக விடை சொல்லவேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது: நீ எடுத்துச் செல்வது அதிகபட்சம் எவ்வளவு நேரம் பிந்தும்?

சராசரி வேகத்தை அது கேட்கவில்லை. வழக்கமாக எவ்வளவு நேரம் என்றும் கேட்கவில்லை. மிக மோசமான நாளின் தாமதத்தைக் கேட்கிறது. ஏனென்றால் அந்த விடையின்மேல் பிரையரின் பாதுகாப்பே நிற்கிறது.

பிரையரில் இரண்டு பேருக்கு இடையே ஓடும் மறைகுறியீட்டுச் சாவிகள் நிலையானவை அல்ல. காலத்தைச் சம அளவான பகுதிகளாக வெட்டி, ஒவ்வொரு பகுதிக்கும் புதிய சாவியை முந்தைய சாவியிலிருந்து உண்டாக்கி, காலம் கடந்த பழையதை அழித்துவிடுகிறது. அழித்த சாவியை மீட்க வழியில்லை. நாளைக்கு ஒருவருடைய தொலைபேசி வேறு கைக்குப் போனாலும், முன்பு காற்றிலும் கம்பியிலும் போன செய்திகளைப் பதிவுசெய்து வைத்திருந்தவர்களால் அவற்றைத் திறக்க முடியாது. அப்படியானால் ஒரு பகுதியின் நீளம் எவ்வளவு இருக்கவேண்டும்? சுமப்பானின் அதிகபட்சத் தாமதம், அதோடு இரண்டு தொலைபேசிகளின் கடிகாரங்களும் எவ்வளவு முன்பின்னாக இருக்கலாம் என்பதற்காக ஒரு நாள். இரண்டையும் கூட்டியதுதான் பகுதி. வந்துசேரும் செய்தி நடப்புப் பகுதிக்கு ஒன்று முந்தியோ ஒன்று பிந்தியோ இருந்தாலும் திறக்கலாம். அதற்கு மேல் இல்லை.

புளூடூத் சில வினாடிகளைச் சொல்லும். எனவே அதன் சாவிகள் ஏறத்தாழ நாளுக்கொரு தடவை மாறுகின்றன. பென்ட்ரைவ் செருகுநிரலோ வாரக்கணக்கைச் சொல்கிறது. எனவே அதன் சாவிகள் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கின்றன. மார்கழிக் கடலில் படகு நான்கு நாள் ஓடாமல் போகலாம் என்பது, குறிகட்டுவானிலிருந்து எவ்வளவோ தொலைவில் எழுதிய ஒரு மறைகுறியீட்டுக் கணக்கின் உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது.

படகுச் செருகுநிரல் எழுதும் ஒருவர் தன் சுமப்பானைப் பற்றிப் பெருமையாகப் பேச நினைத்து, ‘இருபது நிமிடம்’ என்று அறிவித்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமைதியான நாட்களில் எல்லாம் சரியாக ஓடும். வாடை நாளில் படகு நின்று, பென்ட்ரைவ் நான்கு நாள் கழித்து வந்து சேரும்போது, அதைத் திறக்கும் சாவி அழிந்து போயிருக்கும். பெட்டி நிறைய வந்திருப்பது எவராலும் படிக்க முடியாத எண்கள். இன்னொருவர் பயந்து ‘ஒரு வருடம்’ என்று அறிவிக்கிறார். எந்தச் செய்தியும் வீணாகாது. ஆனால் ஒரு வருடத்துச் சாவிகள் தொலைபேசியில் கிடக்கும்; அதைப் பறிப்பவர்களுக்கு ஒரு வருடத்துப் பேச்சும் திறந்து கிடக்கும். குறைத்துச் சொன்னால் செய்தி தொலைகிறது, கூட்டிச் சொன்னால் பாதுகாப்பு தொலைகிறது. இதற்குச் சரியான விடையை நிரலாளர் தன் மேசையிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. துறையில் நின்று, படகுக்காரரிடம், ‘ஆகக் கூடினால் எத்தனை நாள் கடல் மறித்திருக்கிறது அண்ணை?’ என்று கேட்டுத்தான் எழுதவேண்டும்.

அதே எண் இன்னொரு வேலையும் செய்கிறது. அனுப்பிய செய்திக்குச் சேர்ந்ததென்ற பதில் வரவில்லையென்றால் மறுபடி அனுப்பவேண்டும். எப்போது? அறிவித்த தாமதத்தின் இரு மடங்கு கடந்த பிறகு, அதற்கும் பதில் இல்லையென்றால் இன்னும் நீண்ட இடைவெளிக்குப் பிறகு. பதில் திரும்பி வருவதற்கும் நேரம் வேண்டுமே. இதில் பென்ட்ரைவுக்கு ஒரு விதிவிலக்கு. அந்தச் செருகுநிரல் ‘நான் தொலையலாம், ஆனால் என்னில் எழுதச் செலவில்லை’ என்று தன்னைப் பற்றி ஒரு வரி கூடுதலாகச் சொல்கிறது. அதைக் கேட்ட உள்நிரல் மறு-அனுப்பும் நேரத்துக்குக் காத்திராமல், இதுவரை பதில் வராத எல்லாவற்றையும் ஒவ்வொரு தடவையும் அதில் திணித்து அனுப்புகிறது. ஒரு பென்ட்ரைவ் கடலில் விழுந்தாலும் அடுத்ததில் எல்லாம் மறுபடி வரும். சுமப்பான் தன் குறையை ஒளிக்காமல் சொன்னதால் வலையமைப்பு அதைச் சுற்றி வழி கண்டுகொண்டது. யானைக்குக் காற்பங்கு, சரக்குக்குப் பாதி என்று பிரித்து எழுதிய ஆணையில் இருந்த தெளிவு இதிலும் இருப்பதாக எனக்குப் படுகிறது.

முகவரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். இணையத்துக்கு முகவரி ஓர் ஐபி எண்ணும் ஒரு போர்ட் எண்ணும். புளூடூத்துக்கு வேறு எண். படகுக்கு ‘காலைப் படகு, நயினாதீவு இறங்குதுறைப் பெட்டி’. உள்நிரல் இவற்றில் எதையும் புரிந்துகொள்ள முயலக்கூடாது. முத்திரையிட்ட உறை போல வாங்கி வைத்து, உரிய செருகுநிரலிடம் அப்படியே திருப்பிக் கொடுக்கவேண்டும். பிரீநெட் என்ற பழைய வலையமைப்பில் யூடிபியின் ஐபி முகவரி உள்நிரலின் பல இடங்களிலும் ஊறிப்போயிருந்தது. வேறு சுமப்பானைச் செருக விரும்பியவர்கள் முதலில் அதைப் பிரித்தெடுக்கப் பாடுபட வேண்டியிருந்தது. ஐபிஎஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வுத் திட்டத்திலிருந்து வளர்ந்த லிப்பிடுபி என்ற நிரல்தொகுப்பு வேறு வழியில் போகிறது. அதன் முகவரியே ‘ஐபி இது, அதன்மேல் டிசிபி, போர்ட் இது’ என்று தன்னைத்தானே விளக்கிக்கொள்ளும் சரமாக இருக்கிறது. வலையமைப்பு எங்கும் இணையத்திலேயே இருக்கும் என்றால் அது அழகான தீர்வு. தீவுகளுக்கு நான் மூடிய உறையையே தேர்ந்தெடுப்பேன். நாளை என்ன சுமப்பான் வரும் என்று இன்று நமக்குத் தெரியாது.

மறைகுறியாக்கம் செருகுநிரலுக்குள் இருக்கவேண்டுமா, உள்நிரலிலா? உள்நிரலில்தான். சுமப்பவர் எவராக இருந்தாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியக்கூடாது. அவர் படிக்கவில்லை என்று நம்பவேண்டிய நிலையும் வரக்கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

ஆனால் படிக்க முடியாதபடி பூட்டிவிட்டால் மட்டும் சுமப்பவர் பாதுகாப்பாக இருக்கிறார் என்று ஆகாது. இதைத் தீவுப்பகுதி மக்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில், நடுக்கடலில், பயணிகள் கொல்லப்பட்டார்கள். அதன்பின் வந்த ஆண்டுகளில் இந்தக் கடல்வழியில் போவோர் வருவோர் சோதனைக்குப் பழகியிருந்தார்கள். பையில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் விளக்கம் சொல்லவேண்டிய காலம் அது. அப்படியொரு காலத்தில், எவராலும் திறக்க முடியாத எண்கள் நிரம்பிய ஒரு பென்ட்ரைவைப் பையில் வைத்திருப்பவர் அதற்கு என்ன விளக்கம் சொல்வார்? உள்ளே இருப்பது பிள்ளைக்கு அம்மா எழுதிய கடிதமாகவே இருக்கட்டும். கொண்டுபோகிறவருக்கு அது தெரியாது. தெரிந்தாலும் காட்ட முடியாது.

ஆகவே இடைமுகத்தில், நான் அறிந்த வடிவமைப்புகளில் இன்னும் போதிய இடம் பெறாத ஒரு கேள்வியைச் சேர்க்கவேண்டும் என்று நினைக்கிறேன்: இந்தச் சுமப்பானைப் பயன்படுத்துவது வெளியே யாருக்குத் தெரியும், தெரிந்தால் அதன் பாரம் யார்மேல் விழும்? புளூடூத்தில் போனால் அருகே நிற்பவருக்குத் தெரியலாம். இணையத்தில் போனால் இணைய நிறுவனத்துக்குத் தெரியும். படகில் போனால் சோதனை செய்பவருக்குத் தெரியும். பாரம் ஒரு மனிதர்மேல் விழும். இந்த விடையை வைத்து, எந்தச் செய்தி எந்த வழியில் போகலாம் என்று அனுப்புகிறவரே தீர்மானிக்க முடியவேண்டும். உள்நிரல் தன்னிச்சையாக ‘மலிவான வழி இது’ என்று ஒரு மனிதரைத் தேர்ந்துவிடக்கூடாது.

டோர் வலையமைப்பு இதன் ஒரு பகுதியைத் தீர்த்த விதம் கவனிக்கத்தக்கது. ஈரானில் இணையம் வடிகட்டப்பட்ட 2012 பெப்ரவரியில், டோர் பொதிகளை வேறேதோ போலத் தோன்றச் செய்யும் ஒப்ஸ்புரொக்ஸி வெளிவந்தது. இத்தகைய உருமாற்றச் செருகுநிரல்கள் டோரின் உள்ளே ஓடுவதில்லை. தனி நிரலாக ஓடி, வேறு மொழியில் எழுதியிருந்தாலும், ஒரு சிறிய ஒப்பந்தத்தின் வழியாக டோருடன் பேசுகின்றன. ஓர் உருமாற்றம் கண்டுபிடிக்கப்பட்டால் அதைக் கழற்றிவிட்டு அடுத்ததைச் செருகலாம், டோரைத் தொடவேண்டியதில்லை. தனி நிரலாக ஓடுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. படகுச் செருகுநிரலில் பிழை நேர்ந்து அது விழுந்தாலும் வலையமைப்பு விழாது. பழைய தொலைபேசிகளில் இதற்கு நினைவகம் கொஞ்சம் கூடச் செலவாகும். அந்தச் செலவைத் தாங்கலாம் என்பது என் முடிவு.

தீவுப்பகுதியிலோ, கடலுக்கு இந்தப் பக்கம் இராமேசுவரத்திலோ, வேறெந்தக் கரையிலோ இருந்து இப்படியொரு வலையமைப்பை எழுத நினைக்கும் இளைஞர்களுக்கு நேரடியாகவே சொல்கிறேன். பெரும்பாலோர் இணையச் செருகுநிரலை முதலில் எழுதுவார்கள், ஏனென்றால் அது எளிது, சோதிப்பதும் எளிது. பிறகு புளூடூத். பென்ட்ரைவை ‘பின்னர் பார்க்கலாம்’ என்று ஒதுக்கி வைப்பார்கள். அந்தப் ‘பின்னர்’ வரும்போது ‘இணை’ என்ற சொல் ஆயிரம் இடங்களில் வேர்விட்டிருக்கும். நீங்கள் வரிசையை மாற்றுங்கள். முதல் செருகுநிரலைப் பென்ட்ரைவுக்கு எழுதுங்கள். இரண்டாவதாக, பொதிகளை வேண்டுமென்றே தொலைக்கிற, இரட்டிக்கிற, முன்பின்னாக்குகிற ஒரு போலிச் செருகுநிரலை எழுதி, அதன்மேல் உங்கள் வலையமைப்பு தாங்குகிறதா என்று பாருங்கள். மூன்றாவதாகத்தான் புளூடூத், இணையம் கடைசியில் வரட்டும். ஒவ்வொன்றிடமும் எவ்வளவு பிந்துவாய் என்று கேட்டு, அதற்குக் கிடைக்கும் விடையை நிரலில் எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவையாவது குறிகட்டுவானுக்குப் போய்ப் படகோட்டிகளிடம் விசாரித்துவிடுங்கள்.